பழைய ஸ்டீரியோவைப் பிடுங்காதீங்க

டிஸ்கி: இது கொஞ்சம் வயர், கொஞ்சம் சொந்தக் கதை, மீதி அட்வைஸ். வயர் பிடிக்காதவங்க அந்த இடத்தைத் தாண்டிப் போயிடலாம். அட்வைஸைத் தாண்ட மட்டும் அனுமதி இல்லை. :-)

என்கிட்ட இருக்கறது 2004 மாடல் வேகன்-ஆர். புனேவுக்கு வந்த புதுசுல செகண்ட் ஹேண்டில் வாங்கினது. பதினஞ்சு வருஷம் முடிஞ்சு, பசுமை வரி கட்டி, பதிவைப் புதுப்பிச்சு இன்னமும் ஓடிக்கிட்டு இருக்கு. "எப்ப வண்டியை மாத்தப் போறீங்க?"ன்னு ஆபீஸ்ல கேக்காத ஆள் இல்லை. வண்டி மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது. குறையெல்லாம் அதுல இருக்கற பாட்டுப் பெட்டி மேலதான் இருந்தது. கேசட் போடற ஸ்டீரியோ. ரேடியோ உண்டு. சிடி கிடையாது, யுஎஸ்பி கிடையாது, ஆக்ஸ் ஓட்டை கிடையாது. புளூடூத் பத்திப் பேச்சே வேண்டாம்.

ஊருக்குக் கிளம்ப ரெண்டு வாரம் இருந்தப்ப ஒரு ஆக்சஸரீஸ் கடைக்குப் போனேன். "இந்தப் பழைய செட்டுல என்னோட ஐபாடைச் சேர்க்க முடியுமா?" இதுதான் கேள்வி. கடைக்காரத் தம்பி செட்டைப் பார்த்தார். ஐபாடைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். மூணையும் ஒரே மியூசியத்துல வைக்கலாம்ங்கற மாதிரி ஒரு பார்வை.

"சார், இதையெல்லாம் தூக்கிப் போடுங்க. ஒன்பது இஞ்ச் ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன் மாட்டித் தர்றேன். டேஷ்போர்டைக் கொஞ்சம் கட் பண்ணணும். பழைய வயரை வெட்டிட்டுப் புதுசு இழுத்துடலாம். ஒரு மணி நேர வேலை"ன்னு ஹிந்தியில சொன்னார்.

நான் கேட்டது சேர்க்க முடியுமான்னு. பதில் வந்தது வெட்டறது, கட் பண்றது, தூக்கிப் போடறது. யோசிக்கிறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

யோசிச்ச பிறகு வந்த முடிவை முதல்லயே சொல்லிடறேன். பழைய ஸ்டீரியோ வேலை செய்யுதுன்னா அதைப் பிடுங்காதீங்க. ஒரு வயரைப் போட்டு பிளேயரைச் சேர்த்துக்கங்க. காசு மிச்சம்ங்கறது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், வெளி மாநிலத்துல குடும்பம் நடத்தற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அந்த டேஷ்போர்டு ஸ்பீக்கர் செய்யற வேலை.

<b>அஞ்சு பேர், நாலு இயர்போன்</b>

அதுக்கு முந்தின வருஷப் பயணத்தைச் சொன்னாத்தான் இது புரியும். புனேயில இருந்து ஆத்தூர் ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர். சதாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, தாவணகெரே, சித்ரதுர்கா, பெங்களூர், ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம், அப்புறம் எங்க ஊர். ரெண்டு நாள். நான், தங்கமணி, பொண்ணு, பையன், அம்மா.

ஸ்டீரியோவுல ரேடியோ மட்டும்தான். புனேவைத் தாண்டினா மராட்டி, பெல்காம் தாண்டினா கன்னடம், நடுவுல பல இடத்துல வெறும் "உஸ்ஸ்". அதனால பொண்ணு இயர்போனை மாட்டிக்கிட்டா. தம்பிக்காரன் சும்மா இருப்பானா, அவனும் மாட்டினான். தங்கமணிக்கு ஏதோ ஒலிப்புத்தகம். நான்கூட ஒத்தைக் காதுல மாட்டிக்கிட்டு ஓட்டினேன். தப்புதான், இப்ப மாட்டறதில்லை. ஆக நாலு பேர் நாலு உலகத்துல. அம்மா மட்டும் பின் சீட்டுல ஜன்னலைப் பார்த்துக்கிட்டு வந்தாங்க.

ஹூப்ளி தாண்டினதும் அம்மா பேத்தியோட காதைத் தொட்டு, "என்ன கண்ணு கேக்கற? அப்பாயிக்கும் கொஞ்சம் சொல்லேன்"னு கேட்டாங்க. பொண்ணு ஒரு இயர்போனைக் கழட்டி அவங்க காதுல வச்சா. கொரிய மொழிப் பாட்டு. அம்மா ரெண்டு நிமிஷம் மரியாதையாக் கேட்டுட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க.

பொண்ணு மேல தப்பே இல்லை. அவ வயசுல எனக்கும் அப்பா கேக்கற பாட்டு பிடிக்காது. ஆனா எங்க வீட்டுல இருந்தது ஒரே ஒரு டேப்ரிக்கார்டர். பிடிக்குதோ இல்லையோ, எல்லாரும் அதைத்தான் கேக்கணும். அப்படித்தான் எனக்கு சீர்காழி தெரியும், பி.பி.எஸ். தெரியும், அப்பாவுக்கு ராஜாவும் தெரியும். யாரும் உக்கார வச்சுச் சொல்லிக் குடுக்கலை. ஸ்பீக்கர் ஒண்ணுதான் இருந்துச்சு, அவ்வளவுதான்.

நம்ம புள்ளைங்களுக்கு நிலைமை வேற. வீட்டுக்குள்ள தமிழ் பேசறோம். வாசலைத் தாண்டினா ஹிந்தி, மராட்டி, இங்கிலீஷ். ஸ்கூல்ல தமிழ் கிடையாது. சேலத்துல வளர்ற புள்ளைக்கு டீக்கடை, பஸ், கல்யாண மண்டபம்னு தமிழ்ப் பாட்டு தானா வந்து காதுல விழும். இங்க அப்படி விழற ஒரே இடம் கார்தான். அந்த இடத்தையும் ஆளுக்கொரு இயர்போனா பிரிச்சுக் குடுத்துட்டோம்னா மிச்சம் ஒண்ணும் இல்லை. நான் பழைய செட்டோட மல்லுக்கட்டினது இதுக்காகத்தான்.

<b>சேர்க்க மூணு வழி</b>

ஆக்ஸ் ஓட்டை இல்லாத பழைய செட்டுல பிளேயரைச் சேர்க்க நடைமுறையில மூணு வழி இருக்கு. மூணுமே நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.

முதல் வழி எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். சிகரெட் லைட்டர் ஓட்டையில சொருகற குட்டிக் கருவி. பிளேயர்ல வர்ற பாட்டை 87.5-இல் இருந்து 108 மெகாஹெர்ட்ஸுக்குள்ள ஒரு அலைவரிசையில ஒலிபரப்பும். ரேடியோவை அதே எண்ணுல வச்சாப் போதும். கேக்க ரொம்ப சுலபமா இருக்கும். நானும் முதல்ல இதைத்தான் வாங்கினேன். வெறுத்துட்டேன்.

காரணம் எளிமை. புனே மாதிரி ஊர்ல காலி அலைவரிசை கிடைக்கறதே கஷ்டம். 98.3-இல் மிர்ச்சின்னா அதுக்குப் பக்கத்துலயும் நிம்மதி கிடையாது. காலியா ஒண்ணு கண்டுபிடிச்சாலும் அடுத்த ஊர்ல அதே எண்ணுல ஒரு ஸ்டேஷன் இருக்கும். எஃப்.எம். ரேடியோவோட குணம் என்னன்னா, ஒரே எண்ணுல ரெண்டு சிக்னல் வந்தா பலமான ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு இன்னொண்ணை அமுக்கிடும். உங்க டிரான்ஸ்மிட்டர் வண்டிக்குள்ள, ஏரியல் வண்டிக்கு வெளியில. வண்டி நகர நகர ரெண்டும் மாறி மாறி ஜெயிக்கும். ஒருநாள் சிக்னல்ல நிக்கறப்ப எங்க செட்டுல திடீர்னு ஒரு மராட்டி பஜனை. பக்கத்து வண்டிக்காரரும் அதே எண்ணுல டிரான்ஸ்மிட்டர் வச்சிருந்தார் போல. பச்சை விழுந்து அவர் போனதும் பஜனையும் போயிடுச்சு. :-)

போதாக்குறைக்கு, எஃப்.எம்.-இல் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல ஒலி போகாது. மலிவான டிரான்ஸ்மிட்டர்ல அதுவும் ஒழுங்கா வராது. பின்னணியில எப்பவும் ஒரு இரைச்சல். கேசட்டும் ஆக்ஸும் ரெண்டுமே இல்லாத செட்டுன்னா வேற வழி இல்லை, வச்சுக்கங்க. மத்தபடி வேண்டாம்.

ரெண்டாவது வழி கேசட் அடாப்டர். பார்க்க கேசட் மாதிரியே இருக்கும், ஒரு வயர் வால் மாதிரி தொங்கும். வயரோட நுனியில 3.5 எம்.எம். பின். அதை பிளேயரோட இயர்போன் ஓட்டையில சொருகிட்டு கேசட்டை உள்ள தள்ளினா பாட்டு வரும். எனக்கு 350 ரூபாய் ஆச்சு.

இது வேலை செய்யற விதம் ரொம்ப அழகு. கேசட் டேப்புல பாட்டு காந்தப் பதிவா இருக்கு. செட்டுல இருக்கற ஹெட் அந்தக் காந்த மாற்றத்தைப் படிச்சு மின்சாரமா மாத்துது. அடாப்டர்ல டேப் இல்லை. டேப் இருக்க வேண்டிய இடத்துல இன்னொரு ஹெட் இருக்கு. பிளேயர்ல இருந்து வர்ற மின்சாரத்தை அது காந்த மாற்றமா ஆக்கும். செட்டோட ஹெட் ஏதோ டேப்தான் ஓடுதுன்னு நம்பிப் படிச்சுக்கும். உள்ள சில பல்சக்கரம் சும்மா சுத்தும். டேப் ஓடுதுன்னு மோட்டாரை ஏமாத்தறதுக்கு.

மூணாவது வழி செட்டைத் திறந்து உள்ள வயர் பற்றவைக்கறது. எலக்ட்ரானிக்ஸ் தெரிஞ்சவர் செஞ்சா இதுதான் நல்லா கேக்கும். ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கணும். கேசட் ஹெட்டுல இருந்து வர்ற சிக்னல் ஒரு வோல்ட்டுல ஆயிரத்துல ஒரு பங்குக்கும் கம்மி. பிளேயரோட இயர்போன் ஓட்டையில அரை வோல்ட்டுல இருந்து ஒரு வோல்ட் வரைக்கும் வரும். ஹெட் வயர்ல நேரா பிளேயரைச் சேர்த்தா காது கிழியற கரகரப்புதான் வரும். அதோட டேப்புக்குன்னே அங்க பேஸை ஏத்தி வைக்கற ஒரு சர்க்யூட்டும் இருக்கும். சேர்க்க வேண்டிய இடம் அதையெல்லாம் தாண்டி, வால்யூம் கன்ட்ரோலுக்குக் கொஞ்சம் முன்னாடி. பழைய ரேடியோ மெக்கானிக்குகளுக்கு இது அத்துப்படி. அப்படி ஒருத்தர் உங்க ஏரியாவுல இன்னமும் கடை வச்சிருந்தா விட்டுடாதீங்க. இயர்போன் வயரை ஸ்பீக்கர் வயரோட முறுக்கிப் பார்க்கற சோதனையை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். பிளேயர் செத்துப் போகும்.

என் வோட்டு கேசட் அடாப்டருக்கு. செட்டைத் தொட வேண்டாம், எதையும் வெட்ட வேண்டாம், பிடிக்கலைன்னா வெளிய எடுத்துடலாம்.

<b>அடாப்டர் வாங்கியும் சரியா வரலையா?</b>

எனக்கும் முதல் நாள் சரியா வரலை. உள்ள தள்ளினதும் "டக்", "டக்"னு திசை மாத்திக்கிட்டே இருந்தது, அப்புறம் வெளிய துப்பிடுச்சு. "பழைய செட்டு, பழைய செட்டுன்னு கட்டிக்கிட்டு அழறீங்களே"ன்னு தங்கமணி ஆரம்பிச்சாச்சு. சனி, ஞாயிறு ரெண்டு நாள் உக்கார்ந்து கண்டுபிடிச்சது இதெல்லாம்:

1. திசை மாத்திக்கிட்டே இருந்தா அடாப்டருக்குள்ள பல்சக்கரம் இறுகி இருக்குன்னு அர்த்தம். சுத்தலைன்னா டேப் முடிஞ்சு போச்சுன்னு ஆட்டோ ரிவர்ஸ் நினைச்சுக்கும். கேசட்டைக் கையில பிடிச்சு சக்கரத்தை விரலால நாலு சுத்து சுத்துங்க. இறுக்கமா இருந்தா ஒரு பொட்டு சிலிக்கான் கிரீஸ் போதும். ஹெட் மேல பட்டுடக் கூடாது.

2. சக்கரம் சுத்துது, சத்தம் மட்டும் இல்லைன்னா செட்டு மறுபக்கத் திசையில ஓடிக்கிட்டு இருக்கலாம். திசை மாத்தற பொத்தானை ஒரு தடவை அழுத்துங்க.

3. சத்தம் மூடின அறைக்குள்ள இருந்து வர்ற மாதிரி மந்தமா இருந்தா ஹெட் அழுக்கா இருக்கு. காது குடையற பஞ்சுக் குச்சியில ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாத் துடைங்க. என் செட்டுல இருந்து வந்த பழுப்பைப் பார்த்தா இருபது வருஷ டேப் தூள் மொத்தமும் அங்கதான் இருந்திருக்கு. காயற வரைக்கும் பொறுத்திருந்து போடுங்க.

4. டால்பி பொத்தான் இருந்தா அணைச்சு வைங்க. அது டேப் இரைச்சலைக் குறைக்க வந்தது. இங்க டேப்பே இல்லை. போட்டு வச்சா சலங்கை, ஜால்ரா எல்லாம் அமுங்கிடும்.

5. பிளேயர் வால்யூமை முக்கால் பங்குல நிறுத்திட்டு மீதியை ஸ்டீரியோவுல கூட்டிக் குறைங்க. பிளேயர்ல கம்மியா வச்சு செட்டுல ஏத்தினா இரைச்சலும் சேர்ந்து ஏறும். பிளேயர்ல முழுசா வச்சா பேஸ் வர்ற இடத்துல கரகரன்னு உடையும்.

இவ்வளவுதான். அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் மக்கர் பண்ணலை.

உங்க செட்டுல ஆக்ஸ் ஓட்டை இருந்தா இந்த அவஸ்தையே கிடையாது, ஒரு வயர் போதும். ஆனா அங்க வேற ஒரு பூதம் இருக்கு. ஹைதராபாத்ல இருக்கற என் மச்சானோட வண்டியில ஆக்ஸ் உண்டு. போனை சார்ஜ் போட்டுக்கிட்டே பாட்டு வச்சா "ஙொய்ய்ய்"னு ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டரை மிதிச்சா அந்தச் சத்தமும் ஏறும். ஸ்பீக்கர் போச்சுன்னு ஒரு கடையில மாத்தச் சொல்லிட்டாங்க. மாத்தியும் சத்தம் போகலை.

ஸ்பீக்கருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. போனுக்கு சார்ஜர் வழியா ஒரு எர்த், பாட்டு வயர் வழியா இன்னொரு எர்த். ரெண்டும் சேர்ந்து ஒரு வளையமா ஆகிடுது. என்ஜினோட ஆல்டர்னேட்டர் கிளப்பற மின் அலைச்சல் அந்த வளையத்துல புகுந்து பாட்டோட கலந்து வருது. அதனாலதான் என்ஜின் வேகத்தோட சத்தமும் ஏறுது. சோதிக்கறது சுலபம். சார்ஜரைப் பிடுங்குங்க, சத்தம் நின்னா இதுதான் வியாதி. வைத்தியம் "கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்"னு ஒரு சின்ன டப்பா. உள்ள ரெண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். பாட்டு காந்தம் வழியாத் தாண்டிப் போகும், மின் தொடர்பு அறுந்து போகும். ரொம்ப மலிவா வாங்கினா பேஸ் கொஞ்சம் குறையும். அதுவும் வேண்டாம்னா ஓட்டறப்ப சார்ஜ் போடாதீங்க. கேசட் அடாப்டர்ல இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. ஏன்னா அங்க ரெண்டு ஹெட்டும் காந்தத்தாலதான் பேசிக்குது, வயர் தொடர்பே இல்லை. பழசுன்னு கேலி பண்ணின சாமானுக்குள்ள வைத்தியம் முன்னாடியே இருக்கு பாருங்க.

இன்னைக்கு வர்ற நிறைய போன்கள்ல இயர்போன் ஓட்டையே கிடையாது. 2016-இல் ஐபோன் 7-இல் இருந்து ஆப்பிள் எடுத்துட்டாங்க, அப்புறம் பலரும் பின்னாடியே போனாங்க. டைப்-சி-யில இருந்து 3.5 எம்.எம்.-க்கு மாத்தற சின்ன வயர் கிடைக்குது. உள்ள டிஜிட்டலை ஒலியா மாத்தற சிப் இருக்கறதாப் பார்த்து வாங்குங்க, பெரும்பாலான டைப்-சி போனுக்கு ஒத்துவரும்.

ஆனா நான் சொல்றது, முடிஞ்சா போனை விட்டுட்டுத் தனி பிளேயரா வைங்க. பரண்ல ஒரு பழைய ஐபாடோ எம்பி3 பிளேயரோ கட்டாயம் கிடக்கும். ஐபாட் கிளாசிக்கை 2014-இலேயே நிறுத்திட்டாங்க, 2022-இல் ஐபாட் வரிசைக்கே முழுக்குப் போட்டாங்க. அதனால என்ன? பாட்டு பாடுதே. நடுவுல மேனேஜர் கூப்பிட மாட்டார். விளம்பரம் வராது. காம்பட்கி மலைப்பாதையில டவர் போனாலும் பாட்டு நிக்காது. நாம ஏத்தின பாட்டு முடிஞ்சதும் "உங்களுக்கு இதுவும் பிடிக்கும்"னு வேற எதுக்கோ தாவாது.

<b>ஸ்க்ரீன் கட்சிக்கு என் பதில்</b>

"மேப் பார்க்கலாமே, ரிவர்ஸ் கேமரா வருமே"ன்னு கேப்பீங்க. கேமரா நல்லதுதான், மறுக்கலை. வயசான கழுத்தை வச்சுக்கிட்டுத் திரும்பிப் பார்க்க முடியாதவங்களுக்கு அது அவசியம்கூட. செட்டே செத்துப் போச்சுன்னாலும் மாத்தித்தான் ஆகணும்.

ஆனா பாட்டு மாத்த ஸ்க்ரீன் வேணுமாங்கறதுதான் என் கேள்வி. எண்பது கிலோமீட்டர் வேகத்துல வண்டி ஒரு வினாடிக்கு 22 மீட்டர் போகும். ஸ்க்ரீன்ல ரெண்டு வினாடி கண்ணை வச்சா 44 மீட்டர் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டின கணக்கு. பழைய செட்டுல வால்யூம் குமிழ் எங்க இருக்குன்னு என் கைக்குத் தெரியும். கண்ணு ரோட்டுலயே இருக்கும்.

செட்டு போனவங்களும் டேஷ்போர்டை அறுக்க வேண்டாம். பழைய செட்டோட அதே அளவுல, அதாவது 180-க்கு 50 மில்லிமீட்டர் சிங்கிள் டின் அளவுல, குமிழும் பொத்தானும் வச்ச சாதாரண செட்டு இன்னமும் கிடைக்குது. யுஎஸ்பி, ஆக்ஸ், புளூடூத் எல்லாம் அதுலயே இருக்கும். மாட்டறப்ப ஒரே ஒரு விஷயத்துல மட்டும் பிடிவாதமா இருங்க. வயரை வெட்ட விடாதீங்க. உங்க வண்டிக்குன்னு கப்ளர் கிடைக்கும், அதைப் போட்டுச் சேர்க்கச் சொல்லுங்க. வெட்டி முறுக்கி டேப் சுத்தின இடம் வெயில்ல பசை விட்டு ஒருநாள் ஒண்ணோட ஒண்ணு உரசும். செட்டுக்குப் பின்னாடி இருக்கற ஃப்யூஸ் போனா அதே ஆம்பியர்ல மாத்துங்க. "பெருசாப் போட்டா திரும்பப் போகாது சார்"னு எவராவது சொன்னா, அவர்கிட்ட இருந்து சாவியை வாங்கிட்டு வந்துடுங்க. ஃப்யூஸுக்குப் பதிலா வயர் எரியும்.

பைக்குல ஸ்டீரியோ வச்சிருக்கறவங்களுக்கும் இதே கதைதான். 1980-களிலேயே ஹோண்டா கோல்ட்விங் மாதிரி நெடும்பயண பைக்குகள்ல ரேடியோவும் கேசட்டும் வந்தாச்சு. அதை இன்னமும் வச்சிருக்கறவங்களுக்கும் அடாப்டரா, ஆக்ஸ் வயரா, டிரான்ஸ்மிட்டராங்கற இதே மூணு வழிதான். கூடுதலா அதிர்வு, மழைத் தண்ணி ரெண்டையும் பார்த்துக்கணும். பிளேயரை ஒரு துணியில சுத்தி மூடின பெட்டிக்குள்ள வச்சு, வயரை இழுபடாமத் தளர்வா விடணும். நம்ம ஊர் ரோட்டுல பைக்குக்கு என் அபிப்பிராயம் ஒண்ணுதான். காதுல மாட்டாதீங்க. பின்னாடி வர்ற லாரி ஹார்ன் பாட்டை விட முக்கியம்.

<b>பரண்ல இருந்த பை</b>

செட்டைப் பிடுங்காம விட்டதுல நான் எதிர்பார்க்காத லாபம் ஒண்ணு. ஆத்தூர் வீட்டுப் பரண்ல அப்பாவோட மஞ்சப்பை ஒண்ணு இருந்தது. உள்ள நாப்பது கேசட். நம்ம வயசுக்காரங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளைத் தாள்ல பாட்டு லிஸ்ட் எழுதி, ஒரு டிடிகே 90 வாங்கி ரெக்கார்டிங் கடையில குடுத்துட்டு வந்தா ஒரு வாரம் கழிச்சுத் தருவாங்க. அட்டையில அப்பாவோட கையெழுத்து. ஏ பக்கம் சாமி பாட்டு, பி பக்கம் சினிமா.

வீட்டுல இருந்த டேப்ரிக்கார்டர் எப்பவோ காயலான் கடைக்குப் போயிடுச்சு. இப்ப எங்க குடும்பத்துல அந்த நாப்பது கேசட்டையும் வாசிக்கத் தெரிஞ்ச ஒரே மெஷின் இந்த வேகன்-ஆர்ல இருக்கற செட்டுதான். கடைக்காரத் தம்பி பேச்சைக் கேட்டிருந்தா அவ்வளவும் வெறும் பிளாஸ்டிக்.

உங்க வீட்டுலயும் இருந்தா நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க. நல்ல நிலைமையில இருக்கற ஒரு டெக்கை இரவல் வாங்கி, அதோட இயர்போன் ஓட்டையில இருந்து கம்ப்யூட்டருக்கு வயர் குடுத்து ஆடாசிட்டியில பதிஞ்சுக்கலாம். அது இலவசம். தொண்ணூறு நிமிஷக் கேசட்டுக்குத் தொண்ணூறு நிமிஷம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. 128 கேபிபிஎஸ் எம்பி3-யா வச்சா நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பி. நாப்பது கேசட்டும் ஒரு சின்ன பென்டிரைவ்ல அடங்கிடும். நான் இதுவரை பதினோரு கேசட் முடிச்சிருக்கேன். ஆணி அதிகம், மெதுவாத்தான் போகுது.

<b>தோப்பூர் கணவாய்</b>

இந்தத் தடவைப் பயணத்துக்கு ஒரு சட்டம் போட்டோம். ஆளுக்கு அரை மணி நேரம், யார் முறையோ அவங்க பாட்டு, எல்லாரும் கேக்கணும். கொரியாவும் உண்டு, அனிருத்தும் உண்டு, அப்பாவோட கேசட்டும் உண்டு. முதல் ரெண்டு மணி நேரம் முணுமுணுப்புதான். சதாரா தாண்டினப்ப பையன் தூங்கிட்டான். கோலாப்பூர்ல பொண்ணு இயர்போனைத் தேடினா, அம்மாதான் ஒளிச்சு வச்சுட்டாங்க.

மறுநாள் தர்மபுரி தாண்டி தோப்பூர் கணவாய்ல லாரிகளுக்குப் பின்னாடி மெதுவா இறங்கிக்கிட்டு இருக்கோம். அம்மாவோட முறை. அப்பா கேசட்டுல இருந்து ஏத்தின ஒரு பழைய பாட்டு. பொண்ணு திடீர்னு, "அப்பா, கழனின்னா என்ன?"ன்னு கேட்டா. நான் பதில் சொல்ல வாயைத் திறக்கறதுக்குள்ள பின் சீட்டுல இருந்து அம்மா, "வயலு கண்ணு. நமக்கு இருந்துச்சே, உங்க தாத்தா வித்தாரே, அது"ன்னாங்க.

"நமக்கு வயல் இருந்துச்சா?"

அங்க ஆரம்பிச்சது. எவ்வளவு நிலம், கிணத்துல எத்தனை ஆழத்துல தண்ணி, நெல்லை விட்டுட்டுக் குச்சிக் கிழங்கு போட்ட வருஷம், அது விலை போகாத வருஷம், என்னோட இன்ஜினியரிங் ஃபீஸுக்காக வித்தது. அந்தக் கடைசி விஷயம் எனக்கே தெரியாது. வீடு கட்டின கடனுக்காக வித்ததாத்தான் இத்தனை வருஷம் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அப்பா போய் ஒன்பது வருஷம் ஆச்சு. அவர்கிட்ட கேக்கவும் முடியாது. சேலம் பைபாஸ் வரைக்கும் யாரும் அடுத்த பாட்டு போடச் சொல்லலை.

இயர்போன் மாட்டியிருந்தா அந்தக் கேள்வி வந்திருக்காது. ஒன்பது இஞ்ச் ஸ்க்ரீன்ல அப்பா கேசட் ஓடியிருக்காது.

அதனாலதான் சொல்றேன். செட்டு நல்லா இருந்தா விட்டு வைங்க. முந்நூறு, நானூறு ரூபாய்க்கு ஒரு வயர் வாங்கிச் சேருங்க. அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப எல்லா இயர்போனையும் டிக்கியில போட்டுப் பூட்டிட்டுக் கிளம்புங்க.

பி.கு: அடாப்டர் வயரை கியர் லீவர்ல மாட்டாத மாதிரி ஓரமா ஒதுக்கி விடுங்க. முதல் நாள் மூணாவது கியர் போட்டப்ப ஐபாடும் சேர்ந்து வந்தது. தங்கமணி இன்னமும் அதைச் சொல்லிச் சிரிக்கறாங்க.